பந்தல் திராட்சையும் மூன்றாவது ஓலையும்

பாளையங்கோட்டை,
1912 ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை.

கனம் பொருந்திய பாக்கியசீலன் ஐயா அவர்களுக்கு,

வள்ளியூர்ச் சபையின் மூப்பரும், அவ்வூர் மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசியும், ஆண்டவர் சித்தமிருந்தால் என் மகள் கெசியாவுக்கு மாமனாராகப் போகிறவருமான தங்கள் சமுகத்துக்கு, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியாரும் இவ்விடத்துக் கோயிலில் திருவிருந்துப் பாத்திரங்களுக்குப் பொறுப்பானவனுமாகிய ஞானசிகாமணி வந்தனம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிள்ளையும் சுகம். என் மூக்கு மட்டும் பத்து நாளாக ஜலதோஷத்தில் அடைத்துக் கிடக்கிறது. அங்கே தாங்களும், வீட்டில் அம்மா அவர்களும், மாப்பிள்ளை அப்பாத்துரையும், தங்கள் கறவை எருமையும் சுகம்தான் என்று தங்கள் கடிதத்தின் சூட்டிலிருந்தே தெரிந்துகொண்டேன். சுகமில்லாதவரால் அப்படி எழுத முடியாது.

கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. தடை உண்டா என்று சபையைக் கேட்கிற கலியாண ஓலை இரண்டு ஞாயிறு இரண்டு சபையிலும் வாசித்தாகிவிட்டது, வருகிற ஞாயிறு வாசிக்க வேண்டிய மூன்றாவது ஓலையை நிறுத்தும்படி தங்கள் குருவானவரிடம் சொல்லப் போகிறேன், குடிகாரன் வீட்டில் பெண் எடுக்க என் சங்கம் இடம் கொடுக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். குடிகாரன் என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு வேறு. இரண்டாவது கோட்டில் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. ஐயா, மதுவிலக்குச் சங்கத்துப் புத்தகத்தில் தங்கள் பெயருக்கு மூன்று பெயர் தள்ளி என் பெயர் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். கையெழுத்து எவ்வளவு நேராக இருக்கிறது என்றும் பாருங்கள்.

தங்களுக்குச் செய்தி கொண்டுவந்தவர், காலண்டரும் வேதப் புத்தகமும் பெட்டியில் சுமந்து ஊர் ஊராக விற்கிற நேசையா என்று எழுதியிருந்தீர்கள். நேசையா பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். மறுத்து ஒரு கார்டு போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பேன். அவர் கண்ணால் கண்டதை அல்லவா சொல்லியிருக்கிறார். போன புதன்கிழமை நான் மிஷன் பங்களா வராந்தாவில், துரைமார் நடுவில், கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றது உண்மை. ஐந்து கிளாஸ் திராட்சரசம் குடித்தது உண்மை. ஒவ்வொரு கிளாஸிலும் தண்ணீர் ஊற்றி அலசி, அலசின தண்ணீரையும் விடாமல் குடித்துவிட்டு 'ஆமென்' என்று சொன்னதும் உண்மை. ஆனாலும் நான் குடிக்கவில்லை. இது எப்படி என்று தங்களுக்கு விளக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை தாள்.

அடியிலிருந்து சொல்கிறேன். அந்தப் பங்களாவின் மேற்குப் பக்கத்தில் ஒரு திராட்சைப் பந்தல் உண்டு. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனி தேசத்துப் பாதிரியார் ஒருவர், கப்பலில் தமக்கு அளந்து கொடுத்த குடிதண்ணீரில் பாதியை ஊற்றிக் காப்பாற்றிக் கொண்டுவந்து நட்ட கொடி என்பார்கள். வெளுத்த பச்சைப் பழம். கொண்டைக்கடலையை விடக் கொஞ்சம் பெரிது, தோல் தடிப்பு, புளிப்பு அதிகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு தடவை திருடித் தின்றால் மறு தடவை அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அதைப் பிழிந்து, ஜாடியில் ஊற்றி, வாயில் துணியால் வேடு கட்டி, தாமிரபரணி மணலில் பாதி புதைத்து வைத்தால் நம் கோயில் திருவிருந்துக்கு வருஷம் முழுவதும் காணும். அந்த ஊழியம் எங்கள் வீட்டுக்கு உரியது. என் மனைவி எலிசபெத் இருந்தவரைக்கும் அவள் செய்தாள். அவள் காலமாகி ஆறு வருஷமாக நான் செய்து வருகிறேன்.

பங்களாவில் இப்போது வாடகைக்கு இருப்பவர் காட்டிலாகா கிராண்ட் துரை. தங்கமான மனுஷன், ஆனால் வலை கட்டிப் பந்து அடிக்கிற பைத்தியம் உண்டு. அந்த ஆட்டத்துக்குப் பந்தல் நிற்கிற இடம்தான் வேண்டுமாம். வெட்டிக்கொள்ளலாம் என்று மேலிடத்திலும் சம்மதம் வாங்கிவிட்டார். கேள்விப்பட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை காலையில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கூடையில் பந்தல் இலையை விரித்து அதன்மேல் நாலு குலை பழமும், கோயில் ரசம் ஒரு சின்னப் புட்டியும் வைத்து, துரையிடம் மன்றாடப் புறப்பட்டேன். கெசியாவும் கூட வந்தாள். வயதுப் பெண்ணை அங்கே ஏன் கூட்டிப் போனீர் என்று தாங்கள் கேட்பீர்கள். கூடை தூக்கத்தான், வேறொன்றுக்கும் இல்லை. தூணோரம் நின்றாள். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. இதை நேசையாவிடமும் கேட்டுக்கொள்ளலாம், அவரும் காலண்டர் விற்கப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தார்.

அங்கே போனால் துரையும், துரைசானியும், சீமையிலிருந்து வந்து இறங்கியிருந்த ஒரு டாக்டர் துரையும் கண்கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு என்னவென்றால், மேசைமேல் நாலு புட்டி, எல்லாம் வெள்ளைத் திராட்சரசம், கிணற்றில் குளிரவிட்டு எடுத்துக் கழுத்துவரை ஈரத்துணி சுற்றியது. பட்லர் மாடக்கண்ணு ஊற்றிக் கொடுப்பான். கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்துப் பார்த்து, அது இன்ன திராட்சையின் ரசம் என்று சொல்ல வேண்டும். டாக்டர் துரை இந்த வித்தையில் பெரிய புள்ளியாம். மூன்றைப் பட்டுப் பட்டென்று சொல்லிவிட்டார். நாலாவதில் மாட்டிக்கொண்டார். மூன்று பெயர் சொல்லி மூன்றும் தப்பு. கிராண்ட் துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதை யாராலும் சொல்ல முடியாது. பூமியில் ஒரே ஒரு மலைச்சரிவில் விளைகிற திராட்சை, எனக்குக் கொழும்பிலிருந்து ஒரு சிநேகிதன் அனுப்பினது" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார்.

இந்தச் சமயம் பார்த்து நான் போய்ச் சலாம் போட்டேன். பந்தலை வெட்ட வேண்டாம், அது போனால் கோயிலுக்கு ரசம் இல்லை என்று சொன்னேன். தோற்றுப்போன எரிச்சலில் இருந்த டாக்டர் துரை இங்கிலீஷில், "இவர்களுக்கு ரசம் என்ன, சாராயம் என்ன, வித்தியாசம் தெரியவா போகிறது" என்றார். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அந்த இங்கிலீஷ் விளங்காமல் போகுமா? எனக்குப் பொறுக்கவில்லை. "ஆயிரம் கிளாஸுக்கு நடுவில் வைத்தாலும் எங்கள் பந்தல் ரசத்தை நான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் மூக்கு ஞாபகம் வந்தது. அன்று காலை சாம்பிராணிப் புகைக்கும் அடுப்புப் புகைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வாயை விட்டு வந்ததை எப்படித் திரும்ப எடுப்பது?

கிராண்ட் துரை காட்டில் பழகின தமிழில், "நல்லது வாத்தியார். நீ கண் கட்டு, வாய் திற. அஞ்சு கிளாஸ். ஒண்ணு உன் கோயில் புட்டி. அதைச் சொன்னால் பந்தல் நிக்கும். தப்பினால் நாளைக்கு வெட்டு" என்றார். துரைசானியே தம் கைத்துண்டால் என் கண்ணைக் கட்டினார்.

இனி நேசையா கண்ட காட்சிக்கு வருகிறேன். டாக்டர் துரை ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு எடுத்துப் பித்தளைப் பாத்திரத்தில் துப்பினாரே, அப்படியே நானும் செய்திருக்கலாம். செய்யத்தான் நினைத்தேன். ஆனால் அண்ணாச்சி, ஆசீர்வதித்த ரசத்தில் மீதி இருந்தால் அதைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, அங்கேயே பயபக்தியோடு பருகித் தீர்க்க வேண்டும் என்று நம் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறதா இல்லையா? பாத்திரத்தை அலசி அந்தத் தண்ணீரையும் குடித்துவிடுவது எங்கள் கோயில் வழக்கம். எங்கள் குருவானவருக்கோ வயிற்றுப்புண். ஆக, இருபத்தெட்டு வருஷமாக மீதியெல்லாம் என் பங்கு. கண் கட்டியிருக்கிறது, இருட்டு, உதட்டில் ரசம் பட்டது, அவ்வளவுதான், கை தன் வழக்கத்தைச் செய்துவிட்டது. கடைசிச் சொட்டுவரை தலையை நிமிர்த்திக் குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினேன்.

மாடக்கண்ணு திகைத்துப்போய், "என்ன வாத்தியாரய்யா, இன்னும் வேணுமா?" என்றான்.

"தண்ணி ஊத்துலே, அலசணும்லா" என்றேன். ஊற்றினான். சுழற்றி அலசிக் குடித்தேன். 'ஆமென்' தானாக வந்துவிட்டது. நான் சொன்ன பக்தியில் துரைசானியும் 'ஆமென்' என்றார். நாற்காலிகள் நகருகிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்களாம், மாடக்கண்ணு பிறகு சொன்னான். இதையும் நேசையா பார்த்தாரே, தங்களிடம் சொன்னாரா? குடிகாரனுக்குத் துரைமார் எழுந்து நிற்பார்களா?

முதல் கிளாஸுக்கு "எங்களுடையது இல்லை" என்றேன். இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதுக்கும் இல்லை. நாலாவது கிளாஸ் உதட்டுக்கு வரும்போது தூணோரத்திலிருந்து கெசியா "அப்பா" என்றாள். பயந்துவிட்டாள், பாவம். நான் கையை உயர்த்தி, "இது எங்கள் பந்தல்" என்றேன்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. டாக்டர் துரை மேசையில் குத்திக் குத்திச் சிரித்தார். கட்டின துணிக்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது என்று சொல்வதில் வெட்கமில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் மாடக்கண்ணு ஐந்தாவதை நீட்டினான். கெசியா இன்னொரு தடவை "அப்பா" என்றாள். இரண்டே தடவை, அந்த ஒரு வார்த்தைதான் பிள்ளை அங்கே பேசினது. ஐந்தாவதையும் குடித்து அலசி ஆமென் சொல்லிவிட்டு, "இதுவும் எங்கள் பந்தல். இது இந்த வருஷத்து ரசம். முன்னது நாலு வருஷமாவது மூத்தது" என்றேன்.

டாக்டர் துரையின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என் கண்ணை அவரே அவிழ்த்தார். அவர் தோற்றுப்போன அந்தக் கொழும்பு நாலாவது புட்டியின் துணியை உருவினார்கள். கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு சொல்ல வேண்டிய ஏதோ ஒரு ஜெர்மன் பெயர், அதன் கீழே வருஷம் 1907. ஐந்தாவது எங்கள் கோயில் புட்டி. டாக்டர் துரை கூடையிலிருந்த இலையை எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவினார். அதில் பஞ்சு மாதிரி ஒரு பூனைமயிர் உண்டு. ஒரு பழத்தைப் பிதுக்கி விதையை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு வெயிலில் தொப்பியில்லாமல் பந்தலுக்கு ஓடினார். கிராண்ட் துரையும் பின்னாலேயே ஓடினார். அந்த மலைச்சரிவிலேயே பூச்சி விழுந்து இப்போது கொஞ்சம்தான் மிச்சமாம். அந்த அபூர்வமான திராட்சைதான் நம் பாளையங்கோட்டையில் பந்து அடிக்க இடம் வேண்டுமென்று வெட்டப்பட இருந்தது!

"எப்படித் தெரிந்தது?" என்று டாக்டர் துரை கேட்டார். என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டார் அண்ணாச்சி. நான் சொன்னேன், "முதலில் மழை விழுந்த சுண்ணாம்புச் சுவர் வாசம். நடுவில் பிஞ்சு வெள்ளரிக்காய். எல்லாம் போன பிறகு, வேப்பம்பூத் தேன் நக்கினமாதிரி பைய ஒரு கசப்பு." அவர் அதை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பந்தல் குச்சி ஆறு ஈரச்சாக்கில் சுற்றிச் சீமைக்குக் கொண்டுபோகிறார். பந்து அடிக்கிற இடம் கிணற்றுப் பக்கம் போய்விட்டது. வீடு திரும்பும்போது நான் தெருவில் ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன் என்றும் நேசையா சொல்லியிருப்பார். பாடினேன். இன்றைக்கும் பாடுவேன்.

கிராண்ட் துரை அந்த ஜெர்மன் புட்டியின் மீதியை எனக்கு வெகுமதியாகக் கொடுத்தார். மரியாதைக்காக வாங்கினேன். அன்றே அரக்கு வைத்து முத்திரை போட்டுக் கோயில் அலமாரியில் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. ஒரு சொட்டு தொடவில்லை.

ஆகையால், மதுவின் மேல் ஆசையால் அல்ல, ஊழியத்தின் பழக்கத்தால் இது நடந்தது என்பதைத் தங்கள் சங்கத்தாருக்கு வாசித்துக் காட்டி, மூன்றாவது ஓலையை வாசிக்க விட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கெசியா நல்ல பிள்ளை. அப்பாத்துரையின் பெயரைச் சொன்னால் முகம் சிவக்கிறாள். அவளுக்கும் இந்தக் காரியத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திராட்சரசம் சிவப்பா வெள்ளையா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அம்மா அவர்களுக்கு என் வந்தனம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். தங்கள் கோபம் தணியவும், தங்கள் கிணறு வற்றாமல் இருக்கவும் ஜெபிக்கிறேன். வண்டிக்காரர் தாஜ் முகம்மது வாசலில் நிற்கிறார். அவர் கையில் இந்தக் கடிதமும், ஒரு கூடையும் வரும்.

இங்ஙனம்,
தங்கள் சம்பந்தியாக விரும்புகிற
ஞானசிகாமணி.

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி மடித்துவிட்டுப் பசை கேட்டேன். கெசியா கொண்டுவந்தாள். கடிதத்தைக் கையில் வாங்கினாள். பிரிக்கக்கூட இல்லை, மூக்குப் பக்கம் கொண்டுபோனாள். "ஏன் அப்பா, அந்தச் சீமைப் புட்டிய எடுத்துக் குடிச்சியளா? தாள்ல சிந்தியிருக்குலா" என்றாள்.

ஐயா, ஜலதோஷத்துக்கு இரண்டு கரண்டி எடுத்தேன். அலமாரியில் பூட்டினது உண்மை, திறந்ததும் உண்மை. எனக்கு அதில் ஒரு வாசமும் தெரியவில்லை. பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. இன்றைக்கு மட்டுமல்ல, போன புதன்கிழமையும் அப்படித்தான் இருந்தது. ஐந்து கிளாஸும் எனக்குத் தண்ணீர்தான்.

பிறகு கெசியா கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். "நீங்க கண்டுபிடிச்சதாவே இருக்கட்டும்ப்பா. எனக்குத் தெரியும்னு சொன்னா அவிய வீட்டுல மூணாவது ஓலைய நிறுத்திருவாவ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட இந்தக் கடிதத்தை அப்படியே அனுப்பியிருப்பேன்.

அந்த இரண்டு 'அப்பா'வுக்குப் பின்னாலும் வார்த்தைகள் இருந்தன ஐயா. "அப்பா, இது நம்ம பந்தல்லா" என்பது முதலாவது. "அப்பா, இதுவும் நம்மதான், இந்த வருசத்துது, முன்னது நாலு வருசமாவது மூத்தது" என்பது இரண்டாவது. துரைமாருக்கு அந்த வேகத்துத் தமிழ் எட்டவில்லை, படிக்கட்டிலிருந்த நேசையாவுக்கு முதல் வார்த்தைக்கு மேல் காதில் விழவில்லை, மாடக்கண்ணு காட்டிக்கொடுக்கவில்லை. பத்தடி தள்ளித் தூணோரம் நின்று, ஒரு சொட்டு நாக்கில் படாமல், காற்றில் வந்த வாசத்தை வைத்துச் சொன்னாள். சுண்ணாம்புச் சுவரும் வெள்ளரிக்காயும் வேப்பம்பூவும் அவள் வார்த்தைகள். ஜாடிக்கு மேல் குனிந்து நின்று வருஷா வருஷம் அவள் சொல்வதை நான் ஒப்பித்தேன். எலிசபெத் போன பிறகு ரசம் செய்வதும் நான் இல்லை. பதினாலு வயதிலிருந்து அவள்தான் செய்கிறாள். டாக்டர் துரை குலுக்கின கை வேறு, குலுக்க வேண்டிய கை வேறு.

ஞாயிற்றுக்கிழமை தங்கள் குருவானவர் ஓலையை வாசித்து, தடை அறிந்தவர் யாராவது உண்டா என்று கேட்பார். தேட வேண்டாம், தடையை நானே எழுதித் தருகிறேன். சீமை டாக்டர் மூன்று தடவை தோற்ற திராட்சையை என் மகள் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். இதை மறைத்துக் கலியாணம் பண்ணிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிய வேண்டிய பெருமையை நான் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? சபை நடுவில் எழுந்து நின்று இது தடைதான் என்று சொல்லத் தங்களுக்கு மனம் வந்தால் சொல்லுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன், பிள்ளை என்னோடு இருப்பாள். ஆனால் சொல்வதற்கு முன்னால், கூடையில் வருகிற பழத்தில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. முதலில் புளிக்கும். துப்பிவிடாமல் கொஞ்சம் பொறுங்கள்.